ஓதம் ஏறிய திரை

“கண் நரம்பு பாதிச்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க.” தமிழ்நாட்டில் எந்தக் கண் மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். சொல்பவருக்குச் சர்க்கரை பத்து வருடமாக இருக்கும். கேட்பவருக்கும் இருக்கலாம். இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். எந்த நரம்பு, அது எப்படிப் பாதித்தது என்று அவர்களுக்குள் கேள்வி எழுவதில்லை.

நம் பேச்சில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஊசி போடும் செவிலியர் கையில் தட்டித் தட்டித் தேடுவது நரம்பு. சண்டையில் கழுத்தில் புடைப்பது நரம்பு. மூளைக்குச் செய்தி கொண்டுபோவதும் நரம்பு, அந்தக் காலத்தில் யாழுக்குக் கட்டியதும் நரம்பு. சர்க்கரை நோயில் “கண் நரம்பு” என்று மருத்துவர் சொல்லும்போது அவர் பெரும்பாலும் குறிப்பிடுவது ரத்தக் குழாயை. அதிலும் கண்ணுக்குப் புலப்படாத தந்துகிகளை. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடலை வளைத்துக்கொண்டுதான் அவற்றுக்குள் நுழைய முடியும்.

இந்தக் குழாய்கள் ஓடும் இடம் விழித்திரை. திரை என்ற பெயரால் சினிமாக் கொட்டகையின் வெள்ளைத் துணியை நினைத்துவிடக் கூடாது. அந்தத் துணிக்கு ஒன்றும் தெரியாது. விழித்திரையோ மூளையின் ஒரு பகுதி; கருவில் மூளை உருவாகும்போதே அதிலிருந்து மொட்டுப் போலப் பிதுங்கி வெளியே வந்தது. சராசரியாகக் கால் மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் பத்துக் கோடிக்கும் மேலான ஒளி உணர் செல்கள், அவை தருவதைச் சலித்துச் சுருக்கும் இடைச் செல்கள், கடைசியில் பத்து லட்சம் சொச்சம் இழைகளாகத் திரண்டு மூளைக்குக் கிளம்பும் பார்வை நரம்பு. இவ்வளவும் ஓயாமல் வேலை செய்கின்றன. எடைக்கு எடை பார்த்தால், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜன் தின்னும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று.

இங்கே ஒரு கட்டட அமைப்புச் சிக்கல் இருக்கிறது. விழித்திரையின் உள்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள், ஒளி உணர் செல்களுக்கு முன்னால் கிடக்கின்றன. வெளிச்சம் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். குழாய்கள் நிறைய இருந்தால் நிழல் விழும். குறைவாக இருந்தால் செல்கள் பட்டினி கிடக்கும். உடல் செய்துகொண்ட சமரசம், மெல்லிய குழாய்களை இடைவெளி விட்டுப் பின்னுவது. நாம் எழுத்துப் படிக்கவும் முகம் அடையாளம் காணவும் பயன்படுத்தும் நட்ட நடுப்புள்ளியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழாயே கிடையாது. வரவும் செலவும் சரியாக இருக்கும் குடும்பம் போன்ற ஏற்பாடு இது. சேமிப்பு என்று ஒன்றுமில்லை. சர்க்கரை நோய் கைவைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எல்லாச் செல்லுக்குள்ளும் அது ஒரே மாதிரி புகுந்துவிடுவதில்லை. தசைச் செல்லின் வாசலைத் திறக்க இன்சுலின் வேண்டும். விழித்திரைக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்கு அந்தக் காவல் இல்லை. வெளியே எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறும். உள்ளே வந்த குளுக்கோஸை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் திணறி, சூப்பர்ஆக்சைடு என்ற வீரியமான கழிவை அளவுக்கு மீறி உமிழ்கின்றன. மிஞ்சிய குளுக்கோஸ் வழக்கமாகப் போகாத பக்கவழிகளில் ஓடுகிறது. ஒரு வழியில் சார்பிட்டாலாக மாறிச் செல்லுக்குள் தேங்குகிறது. இன்னொரு வழியில் புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படித் தனித்தனியாகக் கண்டறியப்பட்ட கேடுகளின் பின்னால் இருப்பது அந்தச் சூப்பர்ஆக்சைடு பெருக்கம்தான் என்று 2001இல் ஒரே சரட்டில் கோத்துக் காட்டினார் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ.

புரதத்தோடு சர்க்கரை ஒட்டுவது நம் அடுப்படிக்குப் பழக்கமான வேதியியல். பால்கோவா கிண்டும்போது பால் வெள்ளை நிறம் மாறிப் பழுப்பேறுகிறதே, அது பாலின் புரதமும் பாலின் சர்க்கரையும் சூட்டில் கைகோப்பதால் வருவது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி மையார் 1912இல் விவரித்த வினை. உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் இதே வினை மிக மெதுவாக நடக்கிறது. சர்க்கரை அதிகம் இருந்தால் கொஞ்சம் வேகமாக. “மூணு மாச சுகர்” என்று எடுக்கச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை வேறொன்றும் இல்லை, சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு நான்கு மாதத்தில் செத்துப்போகும். அதோடு கணக்கும் போய்விடும். குழாய்ச் சுவரின் புரதங்களுக்கு அப்படிச் சீக்கிரம் விடுதலை கிடையாது. ஒட்டியது ஒட்டியபடி இறுகி, சுவர் தடித்து விறைக்கிறது.

முதலில் சாகும் செல்களில் ஒன்று பெரிசைட். தந்துகியை வெளியிலிருந்து கைகால் விரித்துக் கட்டிக்கொண்டிருக்கும் செல் இது. தசையில் நூறு உட்சுவர்ச் செல்லுக்கு ஒரு பெரிசைட் இருந்தால் பெரிது. விழித்திரையில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. பாஸ்டனில் டேவிட் கோகனும் தோய்ச்சிரோ குவாபாராவும் இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைத்தார்கள். திசுவெல்லாம் கரைந்து, குழாய்களின் வலைப்பின்னல் மட்டும் இலை மக்கிய பின் நிற்கும் நரம்புக் கூடு போல மிஞ்சியது. (பாருங்கள், இங்கும் நரம்பு.) சர்க்கரை நோயாளிகளின் வலையில் பெரிசைட் இருக்க வேண்டிய பல இடங்களில் வெறும் கூடு தெரிந்தது. 1961இல் வெளியான அந்த வேலைக்குப் பிறகு அந்தக் காலிக் கூடுகளுக்குப் பேய் செல்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது.

சைக்கிள் டயரில் கிழிசல் விழுந்தால் அந்த இடத்தில் ட்யூப் குமிழாகப் பிதுங்கும் இல்லையா? பிடித்துக்கொண்டிருந்த பெரிசைட் செத்த இடத்தில் தந்துகியும் அப்படித்தான் பிதுங்குகிறது. விழித்திரையைப் படம் எடுத்தால் சிவப்பு மையால் பேனா முனை தொட்டது போன்ற புள்ளிகள் தெரியும். நோயின் முதல் கண்கூடான அடையாளம் அதுதான். புள்ளி உள்ளவருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோப்பார்.

பிதுங்கிய இடம் கசியத் தொடங்கும். சில இடங்களில் ரத்தமே பொட்டுப் பொட்டாகச் சிந்தும். பெரும்பாலான இடங்களில் ரத்தத்தின் நீர் மட்டும் கசிந்து விழித்திரைக்குள் ஊறும். மழைக்காலத்தில் குழாய் உடைந்த சுவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஓதம் ஏறும், சுவர் உப்பும், வெயில் வந்து காய்ந்ததும் அந்த இடத்தில் உப்புப் பூத்து நிற்கும். விழித்திரையிலும் கசிந்த நீர் மெல்ல உறிஞ்சப்பட்டுவிட, அதிலிருந்த கொழுப்பும் புரதமும் மட்டும் மஞ்சள் மெழுகுத் திட்டுகளாகத் தங்கிவிடுகின்றன. அந்தத் திட்டுகள் வளையமாக இருந்தால், நடுவில் ஒரு கசிவு இருக்கிறது என்று மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். சுவரில் பூத்த உப்பைப் பார்த்துக் குழாய் எங்கே உடைந்தது என்று கொத்தனார் சொல்வதைப் போலத்தான்.

ஓதம் விழித்திரையின் ஓரத்தில் ஏறினால் ஆளுக்குத் தெரியாது. நடுப்பகுதியான மாக்குலாவில் ஏறினால்தான் எழுத்து கலங்கும், கதவு நிலை வளைந்து தெரியும், எதிரே வரும் பேருந்தின் எண் பிடிபடாது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்வை குறைவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த மாக்குலா வீக்கம். நோய் முற்றிய பிறகுதான் வரும் என்றில்லை, எந்தக் கட்டத்திலும் வரலாம். அதுவும் ஒரு கண்ணில் முந்தி வந்தால் மறு கண் சமாளித்துக்கொள்ளும். ஒரு கண்ணில் தூசி விழுந்து கசக்கும்போது, “அட, இந்தக் கண் தெரியலையே” என்று தற்செயலாகக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம்.

விழித்திரைக்கு வலி தெரியாது. இந்த ஒரு உண்மையில்தான் இந்த நோயின் கொடுமை எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். பல்லில் ஓட்டை விழுந்தால் இரவு தூங்க முடியாது; காலில் முள் குத்தினால் நொண்டுவோம். இங்கே ஆண்டுக்கணக்கில் குழாய் பிதுங்கிக் கசிந்து அடைபட்டுக்கொண்டிருக்கும், சொந்தக்காரருக்குத் தகவல் வராது. பார்வை நன்றாக இருக்கிறது என்பதால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவு ஒரு பக்கம் என்றால் அடைப்பு மறு பக்கம். சுவர் தடித்த தந்துகிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அவற்றை நம்பியிருந்த பகுதி பட்டினியில் விழும். இனி நடப்பதைக் காப்பாற்றப் போய்க் கெடுப்பது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டினி கிடக்கும் விழித்திரை, புதுக் குழாய்களை வரவழைக்கும் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1948இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். அது என்னவென்று தெரியாததால் வெகுகாலம் அதை எக்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். பிறகு புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து விடை வந்தது. கட்டிகள் தமக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்ளும் புரதத்தை 1989இல் நெப்போலியோனே ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்து, வாஸ்குலர் எண்டோதீலியல் குரோத் ஃபேக்டர் என்று பெயரிட்டார்கள். மருத்துவர் வாயில் அது வெஜ்எஃப். 1994இல் பாஸ்டனின் லாய்ட் பால் ஐயெல்லோவும் சகாக்களும், சர்க்கரை நோயால் புதுக்குழாய் முளைத்த கண்களின் திரவத்தில் இதே வெஜ்எஃப் மிகுந்திருப்பதைக் காட்டினார்கள்.

புதுக் குழாய் முளைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். கரு வளரும்போது முளைத்தால் நல்லது. இங்கே அவசரத்தில் முளைப்பவை அரைகுறைக் குழாய்கள். பட்டினி கிடக்கும் இடத்துக்குள் போகாமல், பந்தலில் ஏறும் கொடி போல விழித்திரையின் மேற்பரப்பைத் தாண்டி, கண்ணை நிறைத்திருக்கும் விழிக்கூழ்மத்தின் மீது படர்கின்றன. வயதாக ஆகக் கூழ்மம் சுருங்கும். சுருங்கும்போது கொடியைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் கண்ணுக்கு முன் கறுப்பு நூலாம்படை தொங்கும், புகை சுழலும், பூச்சி பறக்கும். பசியிலும் களைப்பிலும் கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொல்வோமே, அது உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போய்விடும். இது போகாது, கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது. கொடியோடு வளரும் தழும்புத் திசுவும் இறுகி இழுத்தால், விழித்திரையே சுவரிலிருந்து காரை போலப் பெயர்ந்து வந்துவிடும்.

இதையெல்லாம் முதலில் பார்த்தவர்கள் யார்? 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1855இல், வியன்னாவின் எடுவர்ட் யேகர் ஒரு சர்க்கரை நோயாளியின் மாக்குலாவில் மஞ்சள் திட்டுகளைக் கண்டு எழுதினார். அக்காலக் கண் மருத்துவத்தின் பெருந்தலையான ஆல்பிரெஷ்ட் ஃபான் கிரேஃபே இதை ஏற்கவில்லை. சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் பல பத்தாண்டுகள் இழுத்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது: சிறு வயதில் சர்க்கரை வந்தவர்கள் அப்போது சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார்கள். விழித்திரை கெடுவதற்கு அதைவிட அதிக ஆண்டுகள் வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் போடப்பட்டது. குழந்தைகள் பிழைத்து வளர்ந்தார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து அவர்களில் பலர் கண்பார்வை மங்கி மருத்துவமனைக்கு வந்தபோதுதான் வாதம் முடிவுக்கு வந்தது.

அப்போது கையில் மருந்து எதுவும் இல்லை. 1953இல் டென்மார்க்கின் யாகப் பௌல்சன் ஒரு வினோதமான செய்தி தந்தார். பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போன ஒரு சர்க்கரை நோயாளிக்கு, விழித்திரை நோய் பின்வாங்கிவிட்டதாம். உடனே அறுவை மருத்துவர்கள் கண்ணைக் காப்பாற்றப் பிட்யூட்டரியை வெட்டி எடுக்கத் தொடங்கினார்கள். சிலருக்குக் கண் தேறியது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஹார்மோன்களை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும், சர்க்கரை திடீரென்று பாதாளத்துக்கு இறங்கும். பல ஆண்டுகள் இதைச் செய்தார்கள். இன்று படிக்கையில் முதுகு சில்லிடுகிறது. கண் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மாட்டாமல்தான் இந்த அளவுக்குப் போனார்கள்.

வழி வேறு திசையிலிருந்து திறந்தது, சூரிய கிரகணத்திலிருந்து. 1945 ஜூலை 10 அன்று கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, மாக்குலா வெந்து வந்தான் ஒரு மருத்துவ மாணவன். அவனைப் பரிசோதித்த இளம் ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மெயர்–ஷ்விக்கராத்துக்கு அந்தச் சின்னத் தழும்பைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. வெளிச்சத்தால் சூடுபோட முடியும் என்றால், வேண்டிய இடத்தில் போடலாமே? ஹாம்பர்க் மருத்துவமனையின் மொட்டை மாடியில் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியைக் குழாய் வழியாக இறக்கி நோயாளிகளின் விழித்திரையில் பாய்ச்சினார். மேகம் வந்தால் சிகிச்சை நின்றுவிடும். பிறகு கார்பன் வில் விளக்கு, ஐம்பதுகளின் பிற்பாதியில் ஜெய்ஸ் நிறுவனத்தின் செனான் விளக்கு, 1960இல் லேசர் பிறந்ததும் லேசர்.

எங்கே சூடு போடுவது? பாஸ்டனில் வில்லியம் பீதமும் லாய்ட் எம். ஐயெல்லோவும் (1994இன் ஐயெல்லோவுக்குத் தந்தை) ஒன்றைக் கவனித்திருந்தார்கள்: பழைய நோயால் விழித்திரையில் நிறையத் தழும்பு விழுந்த கண்களைச் சர்க்கரை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அப்படியானால் நாமே தழும்பு போடுவோம் என்று, நடுவை விட்டுவிட்டு ஓரங்களில் லேசரால் சூடு போட்டார்கள். இன்றைய கணக்கில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் 1,200 முதல் 1,600 சூடுகள். ஆற்றில் தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடை விவசாயி செய்வது இதுதான். வயல் முழுவதும் பாய்ச்ச முடியாது என்று தெரிந்தால் ஓரத்து மடைகளை அடைத்துவிட்டு, நடுவில் இருக்கும் பயிரையாவது காப்பாற்றுவார். ஓரத்தில் ஆக்சிஜன் தின்னும் செல்களைக் கொன்றுவிட்டால் இருக்கும் ரத்தம் மற்றவற்றுக்குப் போதும், பட்டினிக் குரல் அடங்கும், வெஜ்எஃப் இறங்கும், கொடி வாடும்.

நம்பத்தான் ஆள் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1971இல் பதினைந்து மையங்களில், ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு சோதனை தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண் அப்படியே. கண் போல இவ்வளவு நேர்மையான ஒப்பீட்டுக்கு இடம் தரும் உறுப்பு உடம்பில் அரிது. 1976இல் வந்த முடிவு: லேசர் வைத்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காத்திருக்க மனமின்றி விதியை மாற்றி, விட்டுவைத்த கண்களுக்கும் சிகிச்சைக்கு அனுமதித்தார்கள். லேசருக்கு விலை உண்டு. பக்கப் பார்வை சுருங்கும். இருட்டில் தடுமாற்றம் கூடும். போன பார்வையைக் கொண்டுவருவது அதன் வேலையும் இல்லை. “லேசர் வெச்சும் தெளிவாத் தெரியலையே” என்று கோபிப்பவர்களிடம், இருப்பதைக் காப்பதற்குத்தான் அதை வைத்தோம் என்பதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ரத்தம் கொட்டிய கண்ணுக்கு 1970இல் மியாமியில் ராபர்ட் மாக்கெமர் வழி கண்டார். கண்ணைத் திறந்துவிடாமல், சின்னத் துளை வழியே ரத்தம் கலந்த கூழ்மத்தை வெட்டி உறிஞ்சி, அந்த இடத்தைத் தெளிந்த திரவத்தால் நிரப்பும் கருவி. முதலில் முட்டையின் வெள்ளைக்கருவில் பழகிப் பார்த்தார்கள். முதல் நோயாளி ஒரு சர்க்கரை நோயாளி.

வெஜ்எஃப் கைக்குக் கிடைத்த பிறகு வைத்தியத்தின் போக்கு மாறியது. பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் என்ற வெஜ்எஃப் எதிர்ப்பு மருந்தை, மறு ஆண்டே மியாமியின் பிலிப் ரோசன்ஃபெல்ட் முதியோரின் மாக்குலா நோய்க்குக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணுக்கென்றே ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் வந்தன. மாக்குலா வீக்கத்தில் இழந்த எழுத்து வரிகள் சிலருக்கேனும் திரும்பி வந்தது இந்த ஊசிகளால்தான். கண்ணுக்குள் ஊசி என்றதும் பதறுகிறவர்களுக்கு: மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழி வழியாக 0.05 மில்லி மருந்து செலுத்துவார்கள். கண் சொட்டு மருந்தில் ஒரு சொட்டு அளவு. சில நொடி வேலை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மருந்தின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும், மாதாமாதம் வர வேண்டியிருக்கும். புற்றுநோய்க் குப்பியைப் பல கண்களுக்குப் பங்கிடுவதால் பெவாசிசுமாப் மலிவு. மற்றவை பல குடும்பங்களின் மாத வருமானத்தையே கேட்கும். இரண்டு ஊசியோடு நின்றுபோகிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் அவருக்கும் துணைக்கு வருபவருக்குமாக இரண்டு நாள் கூலி போகிறது.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண் தப்புமா? இதற்குத் தெளிவான பதில் 1993இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,441 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு எச்பிஏ1சியை 7ஐச் சுற்றி வைத்தார்கள். மறு பாதியினருக்கு வழக்கப்படி 9க்கு அருகில். சராசரி ஆறரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கண் கெடாமல் சேர்ந்தவர்களில் விழித்திரை நோய் புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட வியப்பு அப்புறம் நடந்தது. சோதனை முடிந்து எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு சர்க்கரையோடு வாழ்ந்த பிறகும், முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் கண் பல ஆண்டுகள் மற்றவர்களைவிட நன்றாகவே இருந்தது. மருத்துவர்கள் இதை வளர்சிதை நினைவு என்கிறார்கள். கந்துவட்டிக்காரரின் நோட்டுப் புத்தகம் போல உடம்பு பழைய வருடங்களை எழுதி வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை உண்டு. பல வருடம் தலைதெறிக்க ஓடிய சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், சிலருக்கு விழித்திரை நோய் தற்காலிகமாக முற்றும். அதனால் இறக்காமல் விடக் கூடாது. இறக்கும்போது கண்ணையும் காட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். முன்பே சர்க்கரை இருந்து கருவுற்றவர்களுக்கு நோய் வேகமெடுக்கலாம். ரத்த அழுத்தத்தைப் பலர் கண்ணோடு சேர்த்து நினைப்பதே இல்லை. 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அழுத்தத்தைச் சராசரியாகப் பத்துப் புள்ளி கூடுதலாக இறக்கியவர்களில் விழித்திரை நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கசியும் குழாயில் மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது மாதிரி.

அதே பிரிட்டன் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. இரண்டாம் வகைச் சர்க்கரை இருப்பதாக அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்களில், மூன்றில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் ஏற்கெனவே அடையாளம் இருந்தது. சர்க்கரை சொல்லாமல் வந்து சில வருடம் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் நாம் கண்டுபிடிக்கிறோம். அதனால்தான் இரண்டாம் வகைக்காரர்கள் நோய் தெரிந்த உடனேயும், முதல் வகைக்காரர்கள் ஐந்து ஆண்டுக்குள்ளும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்ட வேண்டும் என்கிறது மருத்துவம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சென்னையில் வெவ்வேறு குழுக்கள் நடத்திய இரண்டு கணக்கெடுப்புகளில் சர்க்கரை உள்ளவர்களில் விழித்திரை நோய் உள்ளவர்கள் 17.6, 18 சதவீதம். தனித்தனியாக எண்ணியும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது.

இத்தனை பேரையும் விழித்திரை மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்ப்பது ஆகாத காரியம். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் படங்களும் அந்த ஆய்வில் இருந்தன. நிபுணருக்கு ஈடாக அது நோயைப் பிடித்தது. பின்னர் தாய்லாந்தின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் “தெளிவில்லை” என்று தள்ளிவிட்டது. அறையில் இருட்டு போதவில்லை என்பது போன்ற காரணங்கள்தான். கணினிக்கு அறிவு இருந்தும் அந்த அறைக்கு ஒரு திரைச்சீலை இல்லை.

நம் ஊர்த் தடை அதைவிடச் சாதாரணமானது. கடைத்தெருவில் “கம்ப்யூட்டர் கண் பரிசோதனை” என்று பலகை வைத்த கண்ணாடிக் கடையில் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்லயே பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல” என்று திரும்புகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் கண்ணாடியின் பவரை மட்டுமே அளக்கிறது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் உப்பித் தணிவதால் பவர் மாறும். அதற்குக் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கியவர்களும் உண்டு. உள்ளே ஓதம் ஏறியிருக்கிறதா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பார்க்க விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும், அல்லது சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து மருத்துவர் உள்ளே நோக்க வேண்டும்.

ஆகவே, உங்களுக்குச் சர்க்கரை இருந்து, கடந்த ஓர் ஆண்டில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்றால், எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு நாள் ஒதுக்குங்கள். “சுகர் இருக்கு, ரெட்டினா பாக்கணும்” என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும். மருந்து விட்டபின் நான்கைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.